பருவுக்குப் போட்ட கிளிண்டாமைசின் ஜெல்: திருப்பூரில் பார்த்த ஒரு நிகழ்வின் முழுப் பதிவு

நான் தோல் மருத்துவர். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முகப்பரு அரிய நோய் ஒன்றும் இல்லை, இதில் உயிருக்கு ஆபத்தாகவும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஆன்டிபயாடிக் ஜெல்லை வருடக்கணக்கில் தேங்காய் எண்ணெய் தடவுவது மாதிரி தடவிக்கொண்டு வருபவர்களை வாராவாரம் பார்க்கிறேன். எப்போது, எதோடு சேர்த்து, எத்தனை நாளைக்குப் போட வேண்டும் என்று அவர்களுக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் ஒருவருடைய சிகிச்சையை ஆரம்பம் முதல் முடிவு வரை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பின்னணி

வயது 24. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். காலையில் உள்ளே போனால், ஷிப்மென்ட் நெருக்கும் நாட்களில் வெளியே வர இரவு ஒன்பதாகிவிடும். பஞ்சுத்தூசி, வியர்வை, ஸ்கூட்டியில் போகும்போது முகத்தைச் சுற்றிக் கட்டும் துப்பட்டா, இதெல்லாம் தினசரி உள்ளதுதான்.

பரு பதினேழு வயதிலிருந்தே உண்டு. பத்து மாதம் முன்பு கொஞ்சம் அதிகமானபோது கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் ஒரு ஜெல்லின் பெயரைச் சொல்ல, மெடிக்கலில் கேட்டு வாங்கியிருக்கிறார். ஒன்றரை மாதத்தில் நன்றாகக் குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்தது, மறுபடி வாங்கினார். அப்புறம் கேட்கவில்லை என்றதும் வேறு கடையில் வேறு ட்யூப் கொடுத்தார்கள். நடுவில் ரொம்ப அதிகமானபோதெல்லாம் 'மூணு நாள் மாத்திரை' என்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

தை மாதம் நிச்சயம் முடிந்து, வைகாசிக் கடைசியில் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு அம்மா அவரை அழைத்து வந்தார். கையில் சுமார் பதினேழு வாரம் இருந்தது. "போட ஆரம்பிச்சப்ப நல்லாக் கேட்டுச்சுங்க மேடம், இப்ப எத்தன ட்யூப்பு போட்டாலும் கேக்க மாட்டேங்குது" என்றார் அம்மா. பாதி நோயறிதல் அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

முதல் நாள் பார்த்தது

நெற்றி, இரண்டு கன்னம், தாடை எங்கும் பிளாக்ஹெட், ஒயிட்ஹெட் நிறைய. சிவந்து வீங்கிய பருக்கள் இருபது போல, அவற்றில் சிலவற்றில் சீழ். ஆழமான கட்டிகள் இல்லை. பருக்களைவிட அவை விட்டுப்போன கறுப்புத் தடங்கள்தான் முகத்தில் அதிகம், அவரைக் கவலைப்படுத்தியதும் அதுதான். நெற்றிப்பொட்டுப் பக்கம் சின்னக் குழித் தழும்புகள் மூன்று நான்கு.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, முகத்தில் அதிகப்படி முடி இல்லை, எனவே ஹார்மோன் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. நீண்ட நாள் ஆன்டிபயாடிக் போட்டவர்களிடம் பருபோலவே தோன்றும் வேறு இரண்டு பிரச்சினைகளையும் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்று, பூஞ்சையால் மயிர்க்கால்களில் வரும் அழற்சி. அதில் எல்லாப் பொரியும் ஒரே அளவில் இருக்கும், அரிப்பு இருக்கும். இன்னொன்று வேறு வகைப் பாக்டீரியாவால் வருவது. மூக்கையும் வாயையும் சுற்றித் திடீரென்று சீழ்ப்பொரிகள் கிளம்பும். இவருக்கு இரண்டும் இல்லை.

அவர் போட்டுவந்த ஆன்டிபயாடிக் கிளிண்டாமைசின். அது என்றால் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முன்பு எப்போதாவது குடல் அழற்சி இருந்ததா, ஆன்டிபயாடிக் சாப்பிட்டு ரத்தத்தோடு பேதி போயிருக்கிறதா? இருந்திருந்தால் இந்த மருந்தை மேலுக்குப் பூசவும் கொடுக்கக் கூடாது. தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவுதான், ஆனாலும் பூசியவர்களிடமே அரிதாகக் குடல் அழற்சி வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. இவருக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை.

பையில் இருந்த ட்யூப்கள்

போடும் மருந்தையெல்லாம் காட்டச் சொன்னேன். கைப்பையிலிருந்து மூன்று ட்யூப் வந்தது. ஒன்றில் கிளிண்டாமைசின் 1%, நிகோடினமைடு 4%. இரண்டாவதில் கிளிண்டாமைசின் 1%, அடாபலின் 0.1%. மூன்றாவது வெறும் கிளிண்டாமைசின் 1%. முதலாவது காலையில், இரண்டாவது இரவில், மூன்றாவது கம்பெனியில் புதுசாக ஏதாவது தலைகாட்டினால் அதன் மேல் ஒரு பொட்டு. மூன்றும் வேறு வேறு கடை, வேறு வேறு நிறம், வேறு வேறு பெயர். மூன்றிலும் ஒரே ஆன்டிபயாடிக்தான் என்பது வாங்கிய யாருக்கும் தெரியாது. ட்யூப்பைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டியபோது அந்தப் பெண் மூன்றையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், படிக்கத் தெரியாமல் இல்லை. படிக்க வேண்டிய இடம் அது என்று யாரும் காட்டவில்லை.

பையில் மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்த கிரீம் ஏதாவது இருக்கிறதா என்றும் தேடினேன், இல்லை. இருந்திருந்தால் சிகிச்சையே வேறு திசையில் போயிருக்கும்.

ஏன் கேட்காமல் போனது

பரு வருவதற்கு நான்கு காரணங்கள் சேர வேண்டும். எண்ணெய்ச் சுரப்பு கூடுவது, மயிர்க்காலின் வாய் இறந்த செல்களால் அடைபடுவது, உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுவது, அதைத் தொடர்ந்து வரும் அழற்சி. ஆன்டிபயாடிக் ஜெல் கடைசி இரண்டில் மட்டும் வேலை செய்யும். அடைப்பை அது எடுக்காது. அதனால்தான் சிவந்த பரு அடங்கினாலும் பிளாக்ஹெட் அப்படியே இருந்து, ஜெல்லை நிறுத்தியதும் அதே இடங்களிலிருந்து மறுபடி கிளம்புகிறது.

இரண்டாவது விஷயம் எதிர்ப்புத் திறன். வெறும் ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் தடவினால், அதற்குச் சாகாத பாக்டீரியாக்கள் மட்டும் தோலில் தங்கிப் பெருகும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துத் தோல் சிகிச்சை மையம் ஒன்றில் பத்து வருடம் கணக்கெடுத்தார்கள். ஏதாவது ஒரு பரு ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியைச் சுமந்தவர்கள் 1991-ல் சுமார் 35%, 1997-ல் 64%. இங்கே இவருக்குக் கூடுதலாக ஒன்று. அசித்ரோமைசினும் கிளிண்டாமைசினும் பாக்டீரியா புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பகுதியில் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன. ஒன்றுக்குப் பழகிய கிருமி பெரும்பாலும் மற்றதற்கும் அசைந்து கொடுக்காது. அதாவது மேலே பூசியதும் உள்ளே விழுங்கியதும் சேர்ந்து ஒரே எதிர்ப்பைத்தான் வளர்த்தன.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யவில்லை. இந்தக் கிருமி காற்றில்லாத சூழலில், மெதுவாக வளரும். பரு சிகிச்சையில் இதை வழக்கமாகச் செய்வதில்லை, செய்திருந்தாலும் அடுத்து எடுத்த முடிவு மாறியிருக்காது. அதனால் எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது என்று நிரூபித்துச் சொல்ல முடியாது. மருந்து வரலாறு அப்படித்தான் சொன்னது.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

மூன்று ட்யூப்பையும் அசித்ரோமைசினையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சொரசொரப்பான ஸ்க்ரப் எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

தீவிரப் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை யோசித்துவிட்டு விட்டேன். நோயின் தீவிரம் நடுத்தரம், கல்யாணமோ பக்கத்தில். அந்த மாத்திரை சாப்பிடும்போதும் நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. உள்ளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளினைக் கையில் வைத்துக்கொள்ளலாம், எட்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தேன்.

தேர்ந்தெடுத்தது கிளிண்டாமைசின் 1%-உம் பென்சாயில் பெராக்ஸைடு 2.5%-உம் சேர்ந்த ஒரே ஜெல், பிறகு இரவில், மயிர்க்கால் அடைப்பை எடுக்கும் அடாபலின் 0.1%. எதிர்ப்பு வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே ஏன் மறுபடி கிளிண்டாமைசின் என்று இதைப் படிக்கும் மருத்துவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். பென்சாயில் பெராக்ஸைடு ஆக்ஸிஜனேற்றத்தால் கிருமியைக் கொல்கிறது, அதற்கு எதிர்ப்பு உருவானதாகத் தெரியவில்லை, எதிர்ப்புள்ள கிருமிகளையும் அது குறைக்கும். அதோடு சேரும்போது கிளிண்டாமைசினின் அழற்சி குறைக்கும் குணமும் கொஞ்சம் உதவும். இருபது சிவந்த பருக்கள், வீட்டில் கல்யாண நெருக்கடி, உள்ளுக்குக் கொடுக்கும் இன்னொரு ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்க வேண்டும் என்ற எண்ணம், எல்லாம் சேர்ந்து இந்த முடிவு. ஆனால் ஒரு நிபந்தனையோடு: அதிகபட்சம் 12 வாரம். நிறுத்த வேண்டிய தேதியைச் சீட்டின் தலைப்பிலேயே பெரிதாக எழுதினேன். கடையில் வாங்கி வந்த ட்யூப்பிலும் அதே தேதியை மார்க்கரில் எழுதிக் கொடுத்தோம்.

அப்போதுதான் அவர் கேட்டார், "மேடம், இது துணியில பட்டா ஏதாவது ஆகுமா? ஒரு பீஸ்ல கறை வந்தாலும் எங்க டேபிள் மேலதான் சொல்லுவாங்க." நல்ல கேள்வி. பென்சாயில் பெராக்ஸைடு சாயத்தை வெளுக்கும். துண்டு, தலையணை உறை, சுடிதார் கழுத்து, முன் நெற்றி முடி எதுவானாலும் நிறம் போகும், துவைத்தால் திரும்ப வராது. காலையில் போட்டுக்கொண்டு கறுப்பும் நீலமுமாகச் சாயம் போட்ட துணியை நாள் முழுக்கத் தொடும் வேலைக்குப் போக முடியாது. எனவே நேரத்தை மாற்றினோம். வேலை முடிந்து வந்து குளித்து, முகம் காய்ந்த பிறகு ஜெல். படுக்கும் முன் முகத்தைக் கழுவிவிட்டு, ஈரம் போனதும் அடாபலின். அடாபலினைப் பென்சாயில் பெராக்ஸைடு கெடுக்காது என்பதால் கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருந்தாலும் கவலை இல்லை. பழைய வகை ட்ரெட்டினாயினாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

போடும் முறையைச் செய்தே காட்டினேன். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. நெற்றியில், கன்னங்களில், தாடையில் சின்னப் புள்ளிகளாக வைத்து மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதடு வேண்டாம். பருவின் மேல் மட்டும் வைப்பது பயனில்லை, ஏனென்றால் நாளை வரப்போகும் பரு இன்று கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. போட்டதும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மூன்று நாள் தாடைக்குக் கீழே சிறு இடத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பென்சாயில் பெராக்ஸைடோ சாலிசிலிக் அமிலமோ கலந்து கடைகளில் நேரடியாக விற்கும் பரு மருந்துகளால் அரிதாகத் தீவிர ஒவ்வாமை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தபோது சொன்ன வழிதான் இது. தொண்டை இறுகுவது, மூச்சுத் திணறல், கண்ணோ உதடோ நாக்கோ வீங்குவது, மயக்கம் வருவது, இதில் எது வந்தாலும் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு, எனக்கு போன் செய்துகொண்டு நிற்க வேண்டாம்.

அடாபலினை மூன்று வாரம் கழித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். காலையில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன்.

இரண்டாவது வாரம்: எரிச்சல்

பத்தாவது நாள் போன் வந்தது, மறுநாள் நேரில் வந்தார். கன்னமும் வாயின் ஓரமும் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றார். கண் இமை வீங்கவில்லை, நீர் வடியவில்லை, அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம். இது ஒவ்வாமை இல்லை, மருந்தின் உறுத்தல் என்று முடிவு செய்தேன்.

என்ன நடந்தது என்று கேட்டபோது தெரிந்தது: இரண்டு மருந்தையும் ஒரே நாளில் வாங்கியதால் ஜெல்லோடு சேர்த்து அடாபலினையும் நாலாவது நாளே ஆரம்பித்துவிட்டார். கல்யாணத்துக்கு நாள் இல்லையே என்ற அவசரம். அளவும் பட்டாணி இல்லை, ஃபேஸ் கிரீம் போடுகிற அளவு. கூடவே சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷ் தினம் மூன்று வேளை.

எல்லாவற்றையும் நான்கு நாள் நிறுத்தி, மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர் மட்டும். அடங்கியதும் ஜெல்லை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம் கழித்துத் தினமும். அடாபலின் ட்யூப்பை அம்மாவிடம் கொடுத்து, "நான் சொல்ற வரைக்கும் இத பீரோவுல வைங்கம்மா" என்றேன். எரிச்சல் வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிரந்தரமாக விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் பிரச்சினை மருந்தில் இல்லை, அளவிலும் வேகத்திலும்தான்.

ஐந்து முதல் எட்டாவது வாரம்

ஐந்தாவது வாரம் வந்தபோது புதிய பருக்கள் குறைந்திருந்தன. சிவந்தவை பத்துக்குள். மொபைலில் ஒரு படம் காட்டினார்: வீட்டில் அவர் முகம் துடைக்கும் மெரூன் துண்டு, நடுவில் கைப்பிடி அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் வெளுத்த திட்டுகள். "நல்ல வேளை மேடம், கம்பெனிக்குப் போட்டுட்டுப் போகல." அன்றிலிருந்து வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை. அந்த வாரமே அடாபலினையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்பித்தோம்.

அதே நாள் இன்னொன்றும் தெரிந்தது. ஷிஃப்ட் நீளும் நாட்களில் அங்கேயே முகம் கழுவிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஜெல்லை ஸ்கூட்டி டிக்கியில் வைத்திருக்கிறார். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று திருப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூட்டு ஜெல்கள் சூட்டில் வீரியம் இழக்கும். சிலவற்றைக் கடையிலேயே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், திறந்த பிறகு இவ்வளவு வாரம்தான் என்ற கணக்கும் அட்டையில் இருக்கும். வீட்டுக்குள், அடுப்படிக்குத் தள்ளி, வெயில் படாத அலமாரியில் வைக்கச் சொன்னேன். லேட்டாகும் நாளில் வீட்டுக்கு வந்து போட்டால் போதும், ஒருநாள் விட்டுப்போனாலும் மறுநாள் இரண்டு மடங்கு வேண்டாம்.

எட்டாவது வாரம் சிவந்த பருக்கள் ஐந்தாறு. டாக்ஸிசைக்ளின் தேவைப்படவில்லை.

ஒன்பதாவது வாரம்: வயிற்றுப்போக்கு

ஒரு காலையில் அம்மா போன் செய்தார். மகளுக்கு முந்தின நாளிலிருந்து லூஸ் மோஷன், ஐந்தாறு தடவை. ஜெல் பற்றி முதல் நாள் சொன்னது ஞாபகம் இருந்து கேட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. ரத்தம், சளி, காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி இருக்கிறதா என்று விசாரித்தேன், எதுவும் இல்லை. முந்தின நாள் உறவினர் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள், தம்பிக்கும் அதே தொந்தரவு.

அனேகமாகச் சாப்பாடுதான் காரணம். ஆனாலும் ஜெல்லை அன்றே நிறுத்தச் சொன்னேன். பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம், காரணம் குடல் அழற்சியாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கலாம். ஓஆர்எஸ் கரைசல், கஞ்சி, மோர். ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூன்று நாளில் நிற்காவிட்டாலோ உடனே பார்க்க வேண்டும், அப்போது மலப் பரிசோதனை தேவைப்படும் என்றேன். இரண்டு நாளில் இருவருக்கும் சரியாகிவிட்டது.

இப்போது கேள்வி, ஜெல்லை மறுபடி தொடங்குவதா? மீதி இருந்தது மூன்று வாரம். பருக்களும் கட்டுக்குள் இருந்தன. பேதிக்கும் ஜெல்லுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், மூன்று வாரப் பலனுக்காக அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டாம் என்று ஆன்டிபயாடிக்கை அங்கேயே முடித்தேன். மாலையில் வெறும் பென்சாயில் பெராக்ஸைடு 2.5%, இரவில் அடாபலின், இது தொடர்ந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரங்கள்

பதினான்காவது வாரம் தாடையில் இரண்டு பெரிய பரு வந்தது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள். வீட்டில் கலவரம். பழைய ஜெல்லை மறுபடி வாங்கிப் போடலாமா என்று அம்மா கேட்டார், அத்தை ஒருவர் மாத்திரைப் பட்டையோடு வந்துவிட்டார். வேண்டாம் என்றேன். ஐந்தாறு வாரமாக ஆன்டிபயாடிக் இல்லாமலே முகம் நன்றாக இருக்கிறது, இரண்டு பருவுக்காகத் திரும்பப் பழைய சுற்றுக்குள் போக வேண்டாம், கிள்ளாமல் விட்டால் பத்து நாளில் அடங்கும் என்று பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினார்: "மூணு ட்யூப்பும் போட்டப்ப இதவிட அதிகமாத்தானம்மா இருந்துச்சு."

பியூட்டி பார்லரில் பிளீச், வேக்ஸிங், ஃபேஷியல் என்று பேக்கேஜ் பேசி வைத்திருந்தார்கள். அடாபலின் போடும் தோலில் வேக்ஸ் வைத்தால் தோலே உரிந்து வரும், பிளீச் எரிக்கும். முகத்துக்கு அவற்றை ரத்து செய்யச் சொன்னேன். நலங்கு வைக்கும்போது மஞ்சளும் சந்தனமும் தேய்ப்பார்களே என்று கேட்டார்கள். அதைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அடாபலினை நிறுத்தி, நலங்கில் கன்னத்தில் தொட்டு வைப்பதோடு விட்டுவிடுங்கள், தேய்க்க வேண்டாம் என்றேன். கல்யாணம் முடிந்து நான்காம் நாள் மருந்தை மறுபடி தொடங்கினார்.

முகூர்த்தத்தன்று மூன்று நான்கு சிறிய பரு இருந்தது. கறுப்புத் தடங்கள் பாதி மங்கியிருந்தன, மீதியை மேக்கப் மறைத்தது. குழித் தழும்புகள் அப்படியேதான்.

அதன்பின்

கல்யாணமாகி ஐந்து மாதம் கழித்துக் கணவரோடு வந்தார். குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள். அடாபலினை நிறுத்திவிட்டு அசெலாயிக் அமிலம் 20% கிரீமுக்கு மாற்றினேன். கர்ப்பத்திலும் தொடரலாம், கறுப்புத் தடத்துக்கும் உதவும். பென்சாயில் பெராக்ஸைடு தேவைப்படும் இடத்தில் மட்டும். கர்ப்ப காலத்தில் பரு அதிகமானால் பூசும் கிளிண்டாமைசினைக் கொஞ்ச நாள் பயன்படுத்த இடமுண்டு, அப்போதும் தனியாக வேண்டாம், என்னிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ கேட்காமல் கடையில் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். கடைசியாகப் பார்த்தபோது மாதவிடாய்க்கு முன் ஒன்றிரண்டு வருவதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. தழும்புக்கான சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இனி மாற்றிச் செய்வது

ஒன்பது வாரத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்திய பிறகும் முகம் மோசமாகவில்லை என்பது யோசிக்க வைக்கிறது. ஒரே ஒருவருடைய அனுபவம்தான், இதை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் ஏற்கெனவே மாதக்கணக்கில் கிளிண்டாமைசின் போட்டுச் சலித்து வருபவர்களுக்கு, நடுத்தரப் பருவாக இருந்தால், பென்சாயில் பெராக்ஸைடு, அடாபலின் இரண்டோடு மட்டும் தொடங்கி எட்டு வாரம் பார்க்க இப்போது எனக்குத் தயக்கமில்லை.

அடாபலினை முதல் சீட்டில் எழுதுவதை விட்டுவிட்டேன். இரண்டாவது வருகையில்தான் எழுதுகிறேன். கையில் ட்யூப் இருந்தால் அவசரத்தில் யாருக்கும் போடத் தோன்றும்.

வீட்டில் உள்ள எல்லா ட்யூப்பையும், பழையது, காலியானது உட்பட, கொண்டுவரும்படி அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே வரவேற்பில் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் வேறு யாராவது அதே ஜெல்லைப் பகிர்ந்து போடுகிறார்களா என்றும் கேட்கிறோம். இவர் வீட்டில் தம்பியும் போட்டுக்கொண்டிருந்தது மூன்றாவது வருகையில்தான் தெரிந்தது. அவனையும் தனியாகப் பார்த்து வேறு மருந்துக்கு மாற்றினேன்.

கிளினிக் பக்கத்து மருந்துக்கடைக்காரரிடமும் பேசினேன். எழுதிய கூட்டு ஜெல் இருப்பில் இல்லாதபோது வெறும் கிளிண்டாமைசினையோ நிகோடினமைடு கலந்ததையோ 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று கொடுப்பது அவருக்கு வழக்கம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முக்கியமான கூட்டாளி பென்சாயில் பெராக்ஸைடுதான், அது இல்லாமல் மற்றதைக் கொடுப்பதைவிட வாங்காமல் அனுப்புவதே நல்லது என்று விளக்கினேன். "அப்ப அதையே சீட்டுல தமிழ்ல எழுதிடுங்க மேடம், கடைப் பசங்களுக்கும் புரியும்" என்றார். இப்போது ஜெல் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் நிறுத்தும் தேதிக்குக் கீழே, 'இது இல்லையென்றால் மாற்று கொடுக்க வேண்டாம், போன் செய்யவும்' என்று எழுதி என் எண்ணையும் போடுகிறேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு போன் அந்தக் கடையிலிருந்து வருகிறது.